தகட்டிலேயே தொடங்கும் விரிசல்

வெல்டிங் முடிந்த இணைப்பில் விரிசல் தெரிந்தால் பட்டறையில் முதலில் எழும் கேள்வி, “வெல்டு பண்ணினது யார்?” என்பதுதான். பெரும்பாலும் விசாரணையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெல்டரின் எண் இணைப்புக்குப் பக்கத்திலேயே பஞ்ச் அடிக்கப்பட்டிருக்கிறது. எலெக்ட்ரோடை ஓவனில் வைத்து உலர்த்தினாரா, கரண்ட்டைக் கூட்டிவைத்தாரா என்று கேட்க அவர் எதிரிலேயே நிற்கிறார். தகடோ எப்போதோ ஓர் ஆலையில் உருட்டப்பட்டு, வியாபாரியின் யார்டில் கிடந்து, லாரியில் வந்து இறங்கியது. அதன் குணம் முழுவதும் கோப்பில் இருக்கும் ஒரு பக்க ஆலைச் சான்றிதழில் அடங்கிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தகடு, வெல்டிங் முறை, இணைப்பின் வடிவம் மூன்றும் சேர்ந்துதான் விரிசலை உண்டாக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கையில் நேரும் சிறு பிழை தாங்கப்படுமா, விரிசலாக முடியுமா என்பதைத் தீர்மானிப்பதில் தகட்டுக்கு இருக்கும் பங்கு மிகப் பெரியது. அந்தத் தகட்டைத் தேர்ந்தெடுத்தவர் வெல்டர் அல்ல. சென்ற 90 ஆண்டுகளின் விபத்து விசாரணைகளையும் உலோகவியல் ஆய்வுகளையும் ஒருசேரப் பார்த்தால், இந்தப் பங்கு தொடர்ந்து குறைத்தே மதிப்பிடப்பட்டு வந்திருப்பது தெரியும்.

‘நல்ல தகடு’ என்று ஒரே சொல்லில் பேசுவதிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. விரிசல்களில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் தகட்டின் வெவ்வேறு குணத்தைச் சோதிக்கிறது. உருகிய உலோகம் உறைந்துகொண்டிருக்கும்போதே வெல்டின் நடுக்கோட்டில் பிளப்பது ஒன்று. அதற்குத் தகட்டிலிருந்து கரைந்து வரும் கந்தகமும் பாஸ்பரஸும் கார்பனும் காரணமாகின்றன. வெல்டு ஆறிய பிறகு, சில சமயம் இரண்டு நாள் கழித்து, வெல்டை ஒட்டி வெப்பம் தாக்கிய பகுதியில் தோன்றுவது இன்னொன்று. அது தகடு எவ்வளவு எளிதாகக் கடினமாகிறது என்பதையும் ஹைட்ரஜனையும் பொறுத்தது. மூன்றாவது வகையில் வெல்டு அப்படியே நிற்க, தகடு உள்ளுக்குள்ளேயே படிப்படியாகக் கிழிகிறது. இவை மூன்றும் விரிசலின் பிறப்பைப் பற்றியவை. பிறந்த சிறு விரிசலைப் பிடித்து நிறுத்தும் திறன் தகட்டுக்கு உண்டா, அல்லது அதை நொடியில் ஓடவிட்டுவிடுமா என்பது தனிக் கேள்வி. ஒரு தகடு இந்த நான்கில் ஒன்றில் சிறந்தும் மற்றொன்றில் மோசமாகவும் இருக்கலாம். சான்றிதழில் எல்லோரும் முதலில் பார்க்கும் இழுவிசை வலிமையோ இந்த நான்கில் எதற்கும் நேரடியான விடை தருவதில்லை.

கேள்வி முதன்முதலில் கூர்மையாக எழுந்தது 1930களின் ஐரோப்பாவில். அதுவரை ரிவெட் அடித்துக் கட்டிய பாலங்களை வெல்டிங்கில் கட்டத் தொடங்கிய காலம் அது. பெர்லினில் விலங்குக்காட்சிச்சாலை ரயில் நிலையத்தை ஒட்டிய பாலத்தில் 1936இல் விரிசல் கண்டது. 1938 ஜனவரியில் ரூடர்ஸ்டார்ஃப் நெடுஞ்சாலைப் பாலத்தில் கண்டது. இரண்டிலும் எஸ்.டி. 52 என்ற உயர்வலிமை எஃகு, தடித்த ஃபிளாஞ்சுத் தகடுகள். அதே 1938 மார்ச் 14 அன்று பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாய் மேல் கட்டப்பட்ட ஹாசெல்ட் பாலம் பெரும் சத்தத்துடன் பிளந்து, சில நிமிடங்களில் கால்வாயில் விழுந்தது. கட்டி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. வடிவமைப்பில் குறை இருந்தது, வெல்டிங் வரிசையில் குறை இருந்தது, அடக்கிவைத்த உள்தகைவுகள் மிகுதியாக இருந்தன, எல்லாம் உண்மை. ஆனால் இதே மாதிரி எஃகுதான் ரிவெட் கட்டுமானங்களில் அமைதியாக உழைத்துவந்தது. ரிவெட் அடிக்கும்போது தகடு உருகுவதில்லை; ஒரு தகட்டில் கிளம்பிய விரிசல் அடுத்த தகட்டுக்குத் தாண்டுவதுமில்லை. வெல்டிங் வந்ததும் இரண்டு காப்பும் போயின. காற்றை ஊதிச் சுத்திகரிக்கும் தாமஸ் முறை எஃகில் நைட்ரஜன் மிகுதி. அப்படிப்பட்ட எஃகு வளைந்தோ இழுபட்டோ உருமாறிய பின் நாளடைவில் நொறுங்கும் தன்மையை அடைகிறது. ரிவெட் காலத்தில் யாரும் கவனிக்கத் தேவையில்லாத இந்தக் குணம் வெல்டிங்கில் ஆளைக் கொல்லும் குணமாயிற்று. இதை ஜெர்மானியர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். தடித்த தகட்டின் மேல் ஒரு வரி வெல்டு ஓட்டி, அதையே வளைத்துப் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சோதனை மதிப்பிட்டது வெல்டரின் கைத்திறனை அல்ல, தகட்டை.

பத்து ஆண்டுகளுக்குள் இன்னும் பெரிய சான்று கடலிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,700க்கு மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களை வெல்டிங்கில் கட்டியது. அவற்றில் பலவற்றில் நொறுங்கு விரிசல்கள் கண்டன, சில இரண்டாகவே உடைந்தன. 1943 ஜனவரி 16 அன்று போர்ட்லண்டில், வெள்ளோட்டம் முடிந்து துறையில் கட்டியிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத தண்ணீரில் நடுவே பிளந்தது. பழி முதலில் வெல்டிங் மேல்தான் விழுந்தது. அவசரமாகப் பயிற்சி பெற்றுவந்த புது ஆட்கள், அவர்களில் பெண்கள் பலர் என்பதால் அப்படிச் சொல்வது எளிதாகவும் இருந்தது. பிறகு உடைந்த கப்பல்களின் தகடுகளை வெட்டியெடுத்து ஆராய்ந்தபோது அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: விரிசல் தொடங்கிய தகடு, விரிசல் கடந்துபோன தகடு, விரிசல் வந்து நின்ற தகடு. ஒவ்வொன்றையும் அது உடைந்த நேரத்து வெப்பநிலையில் சார்பி சோதனைக்கு உட்படுத்தினார்கள். விரிசல் தொடங்கிய தகடுகளின் அடிதாங்கு திறன் ஏறக்குறைய எல்லாமே 10 அடி-பவுண்டு அளவுக்குக் கீழே இருந்தது. விரிசலை நிறுத்திய தகடுகள் அதைவிடத் தெளிவாக மேலே இருந்தன. இதிலிருந்துதான் 15 அடி-பவுண்டு, அதாவது சுமார் 20 ஜூல் என்ற அளவுகோல் பிறந்தது. இன்று தரநிலைகளில் வரும் 27 ஜூலுக்கு முன்னோடி இதுவே. இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர், இழுபடும் தன்மையுள்ள எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நொறுங்கும் எஃகாக மாறிவிடுவதையும், அந்த வெப்பநிலை தகட்டுக்குத் தகடு வேறுபடுவதையும் நிறுவினார்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். லிபர்ட்டி கப்பல்களின் விரிசல்கள் பெரும்பாலும் சதுர மூலையாக வெட்டப்பட்ட ஹேட்ச் திறப்புகளிலும் வெல்டுக் குறைகளிலும் தொடங்கின. மூலையை வளைவாக்கி, இடையிடையே ரிவெட் பட்டைகள் போட்டதும் விபத்து குறைந்தது. அப்படியென்றால் குற்றம் வடிவத்தில்தானே? ஆம், தொடக்கப்புள்ளியைக் கொடுத்தது வடிவம். ஆனால் சதுர மூலை ஒரே மாதிரிக் கப்பல்கள் எல்லாவற்றிலும் இருந்தது. வெல்டுக் குறையும் எல்லாவற்றிலும் இருந்திருக்கும். விரிசல் எந்தத் தகட்டில் தொடங்கியது, எந்தத் தகட்டில் நின்றது என்பதைப் பிரித்துக் காட்டியதில் தகட்டின் அடிதாங்கு திறன் முக்கிய இடம் பெற்றது. ஒரே மாதிரி வடிவத்தில், ஒரே மாதிரி பயிற்சி பெற்ற கைகளால் கட்டப்பட்டவற்றை வைத்தே தகட்டின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடிந்தது என்பதால்தான் இந்த ஆய்வுக்கு இன்றும் மதிப்பு.

கப்பல்களில் கேள்வி, விரிசல் ஓடுமா நிற்குமா என்பது. பட்டறையில் அன்றாடம் வரும் கேள்வி, விரிசல் பிறக்குமா என்பது. அங்கே முதல் எதிரி ஹைட்ரஜன். ஈரம் ஏறிய எலெக்ட்ரோடு பூச்சு, தகட்டின் துரு, எண்ணெய்ப் பிசுக்கு இவற்றிலிருந்து ஆர்க்கின் வெப்பத்தில் பிரியும் ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைந்து, ஆறும்போது பக்கத்துத் தகட்டுக்குள் ஊர்கிறது. அங்கே சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, உருகாமல் ஆனால் உருகுநிலை வரை சூடேறி, பின் சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் திடீரென்று ஆறுகிறது. எஃகில் கார்பனும் மாங்கனீசும் மிகுந்திருந்தால் அந்தப் பட்டை கண்ணாடிபோலக் கடினமாகும். கடினமான பட்டை, அதில் ஹைட்ரஜன், இழுத்துப் பிடிக்கும் தகைவு இம்மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், வெல்டு சுமார் 150 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு விரிசல் மெல்ல வளரத் தொடங்குகிறது. அன்று மாலை பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட இணைப்பு மறுநாள் இரவில் பிளப்பது இதனால்தான். தடித்த இணைப்புகளுக்கு 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்வதும் இதனால்தான். மூன்றில் ஹைட்ரஜன் வெல்டரின் பொறுப்பு. தகைவு பெரும்பாலும் வடிவமைப்பாளர் தருவது. கடினமாதல் தகடு கொண்டுவருவது. அதை அளக்க 1940இல் டியர்டனும் ஓநீலும் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன் இன்றைய வடிவத்தைத்தான் பட்டறைகள் சி.இ. மதிப்பு என்கின்றன: கார்பன் சதவீதத்தோடு மாங்கனீசில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் இவற்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், தாமிரம் இவற்றின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கு.

இந்த எண்ணை அலட்சியப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு மெல்போர்னின் கிங் ஸ்ட்ரீட் பாலத்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1961 ஏப்ரலில் திறந்த பாலம் அது. 1962 ஜூலை 10, குளிர்காலக் காலை. 45 டன் அளவிலான ஒரு வண்டி ஏறியதும் ஒரு கண்ணின் உத்தரங்கள் முறிந்து தளம் தொய்ந்தது. அடியில் இருந்த சுவர்கள் தாங்கிக்கொண்டதால் முழுதாக விழவில்லை. உத்தரத்தின் கீழ்ஃபிளாஞ்சை வலுப்படுத்த அதன் மேல் ஒரு கவர் தகடு வெல்டு செய்யப்பட்டிருந்தது. அந்தக் கவர் தகடு முடியும் இடத்தில், குறுக்காகப் போட்ட சிறிய ஃபில்லட் வெல்டின் விளிம்பில், ஃபிளாஞ்சுத் தகட்டுக்குள் விரிசல் இறங்கியிருந்தது. நீளவாக்கு வெல்டுகள் இரு பக்கமும் இறுக்கிப் பிடித்த பின் இந்தக் குறுக்கு வெல்டைப் போட்டதால், அது சுருங்க வழியில்லாமல் தகட்டையே இழுத்தது. விரிசல்கள் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கும் முன்பே, பட்டறையிலேயே பிறந்தவை. சூடு தாக்கிய பட்டையில், மூலையில், பெயிண்டுக்கு அடியில் இருந்ததால் பரிசோதகர்களின் கண்ணில் படவில்லை. எஃகு, பி.எஸ். 968 என்ற 1941ஆம் ஆண்டுத் தரநிலையின்படி வாங்கிய உயர்வலிமை எஃகு. வலிமையைக் கார்பனும் மாங்கனீசும் தந்தன. வலிமைக்காகத் தேர்ந்த அதே தனிமங்கள் அந்தப் பட்டையைக் கடினமாக்கின. சாதாரண மைல்டு ஸ்டீலுக்குப் பழகிய முறையில் அதை வெல்டு செய்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான ராயல் கமிஷன் அறிக்கை ஒருவர் மேல் மட்டும் குற்றம் சுமத்தவில்லை. குறிப்பெழுதியவர், தகடு விற்றவர், கட்டியவர், பரிசோதித்தவர் எல்லோருமே அதில் வருகிறார்கள்.

வெல்டிங் பொறியாளர்கள் இங்கே சொல்லும் மறுப்பு வலுவானது. “எந்தத் தகடானாலும் முறையாகச் செய்தால் விரிசல் வராது, ப்ரீஹீட் கொடு, லோ-ஹைட்ரஜன் எலெக்ட்ரோடை உலர்த்திப் பயன்படுத்து, மெதுவாக ஆறவிடு.” இது உண்மை என்பதற்குத் திருச்சியே சான்று. அங்கே பெல் ஆலையில் 9 சதவீதக் குரோமியமுள்ள கொதிகலன் குழாய்களை, சி.இ. சூத்திரம் பார்த்து மிரண்டுபோகும் எஃகுகளை, அன்றாடம் விரிசலின்றி வெல்டு செய்கிறார்கள். 1975இல் அங்கே தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையில் பெரும்பங்கு இத்தகைய முறைகளை வகுப்பதுதான். ஆனால் அந்த வெற்றியின் நிபந்தனை என்ன என்று பார்க்க வேண்டும்: கையில் இருப்பது கடினமான எஃகு என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். விரிசல் அதிகம் வருவது, எளிய எஃகு என்று நம்பி எடுக்கும் தகட்டில். நம் ஐ.எஸ். 2062 தரநிலையின் இ 250 பி.ஆர். ரகத்தை எடுத்துக்கொள்வோம். கார்பன் 0.22 சதவீதம் வரை, சி.இ. 0.41 வரை இருக்கலாம். கார்பன் 0.12, மாங்கனீசு 0.90 கொண்ட தகட்டின் சி.இ. 0.27தான் வரும். கார்பன் 0.21, மாங்கனீசு 1.15 என்றால் 0.40. இரண்டும் ஒரே ரகம், ஒரே முத்திரை, வரைபடத்தில் ஒரே பெயர். 40 மி.மீ. தடிப்பில் முதலாவது, சற்று ஈரமான எலெக்ட்ரோடையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது, மழைக்கால சைட்டில் ப்ரீஹீட் இல்லாமல் போட்டால் பிளக்கக்கூடும். போன மாதம் முதல் வகைத் தகட்டில் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்த வெல்டர், இந்த மாதம் இரண்டாவது வகையில் அதே முறையில் செய்கிறார்; விரிசல் வருகிறது; “போன மாதம் நன்றாகச் செய்தாயே” என்கிறார்கள். மாறியது கை அல்ல.

இதற்கு மேல், சான்றிதழில் இருக்கும் எண் பொதுவாக உருகிய எஃகை வார்க்கும்போது எடுத்த மாதிரியின் எண். அது முழு உருக்கின் சராசரி. வார்ப்பு உறையும்போது கார்பனும் மாங்கனீசும் கந்தகமும் பாஸ்பரஸும் கடைசியாக உறையும் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. உருட்டிய பின் அவை தகட்டின் நடுத்தடிப்பில் ஒரு கோடாகக் கிடக்கின்றன. தகட்டிலிருந்தே எடுத்த மாதிரி வரம்பைவிடச் சற்று மிகுந்திருந்தாலும் தரநிலை அதை அனுமதிக்கிறது, கார்பனில் 0.02 சதவீதம் வரை விலகலாம். இந்த நடுக்கோட்டைக் கண்ணால் காண ஒரு பழைய வழி உண்டு. தகட்டின் வெட்டுமுகத்தைத் தேய்த்து மெருகேற்றி, நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்த புகைப்படத் தாளை அதன்மேல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால், கந்தகம் இருக்கும் இடமெல்லாம் தாளில் பழுப்பாகப் பதியும். சுத்தமான தகட்டில் தாள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். மோசமான தகட்டில் நடுவே ஒரு பழுப்புக் கோடு நீளமாக ஓடும். சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே கந்தக அளவு எழுதியிருக்கலாம். விளிம்பை வெட்டி அந்த முகத்தின் மேல் வெல்டு போடும்போது, வெல்டு நேராக அந்தக் கோட்டின் மேல் உட்கார்கிறது.

சூத்திரம்கூட எல்லாவற்றையும் சொல்வதில்லை. கார்பன் மிகக் குறைந்த இன்றைய எஃகுகளுக்கு சி.இ. சரியாகப் பொருந்தாததால் 1960களின் இறுதியில் ஜப்பானில் இட்டோவும் பெஸ்யோவும் பி.சி.எம். என்ற வேறொரு சூத்திரம் வகுத்தார்கள். அதில் போரானுக்கு இடம் உண்டு, சி.இ. சூத்திரத்தில் இல்லை. இது வெறும் கல்விக்கூட நுணுக்கமாக இருந்திருக்கலாம், வணிகம் குறுக்கே வராவிட்டால். சீனா கலப்பு எஃகு ஏற்றுமதிக்கு வரிச் சலுகை தந்துவந்த காலத்தில், அங்குள்ள ஆலைகள் சாதாரணத் தகட்டில் 0.0008 சதவீதம் அளவில் போரான் சேர்த்து அதைக் கலப்பு எஃகு என்று அனுப்பின. அந்தச் சலுகை 2015 தொடக்கத்தில்தான் நீங்கியது. போரான் இவ்வளவு நுண்ணிய அளவிலும் எஃகைக் கடினமாக்க வல்லது. சி.இ. கணக்கில் அது தெரியாது. தனியாகக் கேட்காவிட்டால் சான்றிதழில் அந்தக் கட்டமே இல்லாமலும் போகலாம். வரி விதியால் தகட்டுக்குள் வந்த ஒரு தனிமத்துக்கு வெல்டர் எப்படிப் பொறுப்பாவார்?

படிப்படியாகக் கிழியும் விரிசலில் தகட்டின் குற்றம் இன்னும் வெளிப்படை. எஃகில் கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து சிறு துகள்களாக இருக்கும். சூடாக உருட்டும்போது அந்தத் துகள்கள் நசுங்கி, தகட்டின் பரப்புக்கு இணையாக மெல்லிய ஏடுகளாகப் பரவுகின்றன. நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுத்தால் தகடு தன் முழு வலிமையைக் காட்டும். தடிப்புவாக்கில் இழுத்தால் இந்த ஏடுகளில் பிரியும். ஒரு தகட்டின் முகத்தில் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி வெல்டு செய்யும் டி இணைப்பில், சுருங்கும் வெல்டு இழுப்பது சரியாக அந்தத் தடிப்புவாக்கில்தான். அப்படிக் கிழிந்த இணைப்பை வெட்டிப் பார்த்தால், விரிசல் வெல்டைத் தொடாமல் அதற்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே, பரப்புக்கு இணையாகக் கொஞ்ச தூரம் போய், செங்குத்தாக இறங்கி, மறுபடி இணையாகப் போய், மாடிப்படி வரைந்ததுபோல் இருக்கும். உடைந்த முகம் பிளந்த விறகின் நார்போலத் தெரியும். வெல்டை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் இதைத் தடுப்பது கடினம். வட கடலில் 1980 மார்ச் 27 அன்று கவிழ்ந்து 123 பேரைப் பலிகொண்ட அலெக்சாண்டர் கீலண்ட் மிதவை மேடையின் கதையில் இதுவும் ஒரு கண்ணி. ஒரு தாங்குகுழாயில், நீரடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்த வட்டமான துணைப்பாகம் ஃபில்லட் வெல்டால் பொருத்தப்பட்டிருந்தது. அதை யாரும் பாரம் தாங்கும் பாகமாகக் கருதவில்லை. அந்தத் துணைப்பாகத்தின் எஃகு தடிப்புவாக்கில் பலவீனமானது. வெல்டின்போதே அங்கே கிழிசல் நேர்ந்திருந்தது. விரிசலுக்குள் பெயிண்டின் தடம் கிடைத்ததால், மேடை கட்டிய நாளிலேயே அது இருந்தது என்பது உறுதியாயிற்று. அங்கிருந்து வளர்ந்த களைப்பு விரிசல் குழாயை அறுத்தது. ஒரு கால் பிரிந்தது. அந்தச் சிறு பாகத்துக்கு நல்ல தகடு வாங்க ஆகியிருக்கும் கூடுதல் செலவை எண்ணிப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

இதற்குப் பதில் தொழில்நுட்பத்தில் வந்துவிட்டது, இது பழைய கதை என்பார்கள். ஓரளவு சரி. இன்று நல்ல ஆலைகள் கந்தகத்தை 0.005 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருகின்றன. கால்சியம் சேர்த்து, நசுங்காத உருண்டைத் துகள்களாக மாற்றுகின்றன. தடிப்புவாக்கில் இழுத்துச் சோதித்து இசட் 15, இசட் 25, இசட் 35 என்று தரம் பிரித்து விற்கின்றன. ஆனால் அது கேட்டு வாங்குபவருக்கு. இ 250 பி.ஆர். ரகத்தில் கந்தகத்துக்கு அனுமதி இன்றும் 0.045 சதவீதம் வரை. நம் நாட்டு எஃகில் கணிசமான பங்கு, பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் இண்டக்ஷன் உலையில் உருக்கிச் செய்வது; அந்த உலையின் இயல்பான வேலை உருக்குவது, சுத்திகரிப்பது அல்ல. பாஸ்பரஸையும், பழைய இரும்போடு வரும் தாமிரத்தையும் வெள்ளீயத்தையும் அது வெளியேற்றாது. தவிர, சுத்தம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதும் இல்லை. 1970களில், கந்தகத்தைக் குறைத்த எஃகு சில, அதே சி.இ. மதிப்புள்ள பழைய எஃகைவிட வெல்டு ஓரத்தில் கூடுதலாகக் கடினமாகி, ஹைட்ரஜன் விரிசலுக்கு இடம் கொடுத்தது தெரியவந்தது. துகள்கள் இருந்தபோது அவை மென்மையான படிகங்கள் உருவாக வித்தாக இருந்தன. துகள் போனதும் அந்த உதவியும் போனது. சுத்தமான எஃகு வேண்டாம் என்பதற்கு இது வாதம் ஆகாது. ப்ரீஹீட் அட்டவணையைப் பழைய எஃகை வைத்துப் போட்டுவிட்டுப் புது எஃகுக்கு அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு வாதம்.

தகட்டைக் குற்றம் சாட்டுவதிலும் நிதானம் வேண்டும் என்பதற்கு நார்த்ரிட்ஜ் நல்ல எடுத்துக்காட்டு. 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எஃகுச் சட்டகக் கட்டடங்களின் உத்தரம்-தூண் இணைப்புகள் பிளந்தன. தூணின் ஃபிளாஞ்சு தடிப்புவாக்கில் பலவீனமாக இருந்திருக்கும் என்ற சந்தேகம் உடனே எழுந்தது. பல ஆண்டு சோதனைகளுக்குப் பிறகு அந்தச் சந்தேகம் பெரும்பாலும் விலகியது. அடிதாங்கும் திறன் குறைந்த வெல்டு உலோகம், அகற்றாமல் விட்ட அடித்தாங்கல் பட்டையின் விளிம்பு, இணைப்பின் வடிவம் இவையே முதன்மைக் காரணங்கள் என்றாயிற்று. ஆக, விரிசல் எங்கே இருக்கிறது என்பதே முதல் சாட்சி. வெல்டின் நடுவில் நீளவாக்கில் ஓடினால் கந்தகம், பாஸ்பரஸ், வெல்டின் வடிவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சப்மெர்ஜ்டு ஆர்க் முறையில் வெல்டின் பாதிக்கு மேல் உருகிய தகடாகவே இருக்கலாம் என்பதால், அங்கேயும் தகடு முழுதாகத் தப்பாது. வெல்டு ஓரத்தில் தகட்டுக்குள் இருந்தால் கடினத்தன்மையை அளந்து, 350 விக்கர்ஸைத் தாண்டுகிறதா என்று பார்த்து, தகட்டிலிருந்தே மாதிரி எடுத்துப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். படிப்படியாக இருந்தால் வெல்டரை அழைக்கவே தேவையில்லை. இந்த மூன்றையும் பார்க்காமல் கௌஜ் செய்து, மறுபடி வெல்டு போடச் சொல்வது பெரும்பாலும் அதே இடத்தில் இன்னொரு விரிசலைத்தான் தருகிறது. அதற்குள் சாட்சியும் கிரைண்டரில் பொடியாகிவிடும்.

கடைசியாக நிற்பது செலவு என்ற ஆட்சேபம். நல்ல தகடு டன்னுக்குக் கூடுதல் விலை. எல்லா வேலைக்கும் கட்டுப்படியாகாது. கதவுச் சட்டத்துக்கும் மெல்லிய தொட்டிக்கும் உண்மையாகவே தேவையில்லை. ஆனால் தடித்த, இறுக்கமான இணைப்புகளில் கணக்கு வேறு. அமெரிக்கக் கடற்படை, கவனமான ப்ரீஹீட் தேவைப்பட்ட ஹெச்.ஒய். 80 எஃகுக்குப் பதிலாக, கார்பன் மிகக் குறைந்த ஹெச்.எஸ்.எல்.ஏ. 80 எஃகை 1984இல் கப்பல் கட்டுமானத்துக்கு ஏற்றது. கப்பலின் விலையில் மிச்சமானது ப்ரீஹீட்டிலும் மறுவேலையிலும். அதே எண்ணத்தில் பாலங்களுக்கென்று அமெரிக்காவில் வகுத்த உயர்செயல்திறன் எஃகு 1997இல் நெப்ராஸ்காவின் ஒரு பாலத்தில் முதலில் பயன்பட்டது. தகட்டில் மிச்சம் பிடித்த காசு, கேஸ் பர்னருக்கும், அல்ட்ராசோனிக் சோதனைக்கும், கௌஜிங்குக்கும், மறுவெல்டுக்கும், தாமத அபராதத்துக்கும் பிரிந்து போகிறது. கொள்முதல் கணக்கில் லாபம் தெரியும். ஃபேப்ரிகேஷன் கணக்கில் நட்டம் தெரியும். இரண்டு கணக்கும் ஒரே மேசைக்கு வருவதில்லை.

அதனால் முடிவெடுக்கும் இடம் கொள்முதல் ஆர்டர்தான். 25 மி.மீ.க்கு மேல் தடித்த, பாரம் தாங்கும் இணைப்புக்கான தகடு என்றால், ரகத்தின் பெயரை மட்டும் எழுதாமல், சி.இ. உச்சவரம்பைத் தனியே குறைத்து எழுதலாம். தகட்டிலிருந்தே எடுத்த பகுப்பாய்வையும், போரான், தாமிரம், வெள்ளீயம் ஆகியவற்றின் அளவையும் கேட்கலாம். டி இணைப்பு வரும் தகட்டுக்கு மட்டும் இசட் தரமும் அல்ட்ராசோனிக் சோதனையும் கேட்கலாம். குளிரிலோ அதிர்விலோ நிற்கப்போகும் கட்டுமானத்துக்கு ஐ.எஸ். 2062இன் ஏ ரகத்தைத் தவிர்க்கலாம், அந்த ரகத்துக்குத் தரநிலை சார்பி சோதனையே கேட்பதில்லை. தகடு வந்து இறங்கிய பின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஹீட் நம்பர் பெரும்பாலும் தகட்டின் ஒரு மூலையில்தான் அடித்திருக்கும். அந்த மூலையை வெட்டி முதல் துண்டை எடுத்ததும் மிச்சத் தகடு பெயரில்லாததாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து யாரோ அதை எடுத்து உத்தரத்துக்கு ஸ்டிஃப்னராக வெட்டுவார்கள். வெட்டும் முன் அந்த எண்ணை மிச்சத் துண்டுக்கும் மாற்றி எழுத கட்டிங் பிரிவில் ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்தால், விரிசல் வரும் நாளில் வெல்டரின் எண்ணுக்குப் பக்கத்தில் தகட்டின் எண்ணும் இருக்கும்.